காய் எது, கனி எது?

சென்ற மாதம் ஒரு கிராமச் சாவடியில் விதை நேர்த்தியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வூர்ப் பெரிய நிலக்காரர் ஒருவர் எழுந்து, “ஐயா, பேச்சுக்கு நடுவே ஒரு சந்தேகம். என் பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கத்தரிக்காயும் பழம், வெண்டைக்காயும் பழம், அவரைக்காயும் பழம் என்று வாத்தியார் சொன்னாராம். வீட்டுக்கு வந்து பாட்டியோடு வாது செய்கிறான். பாட்டியோ, வெண்டைக்காயைப் பழமென்று சொல்லுகிறவனுக்கு இலை போட்டு ஒரு முற்றின வெண்டையைத் தின்னக் கொடுக்க வேண்டும் என்கிறாள். தாங்கள் டிப்ளோமா படித்தவர்கள். எது சரி?” என்று கேட்டார். சாவடி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, இருவரும் சரி என்று சொல்லிப் பேச்சை மேலே நடத்தினேன்.

அந்தப் பதில் போதாது என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. காய்க்கும் கனிக்கும் உள்ள வித்தியாசம் பாட்டியும் பேரனும் பொழுதுபோக்காக வாதிக்கும் விஷயம் மாத்திரமன்று. அதைச் சரியாக அறியாமையினாலே நம் தோட்டக்காரர்கள் வருஷந்தோறும் அடையும் நஷ்டம் சொற்பமன்று. அவ்விதமான நஷ்டம் ஒன்றுக்கு நானே ஒரு முறை காரணமாயிருந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் வாத்தியார் கட்சியைப் பார்ப்போம். பூவின் நடுவில் சூல்பை என்று ஓர் உறுப்பு இருக்கிறது. மகரந்தம் சேர்ந்தபின் மற்ற இதழ்கள் உதிர, இந்தச் சூல்பை மாத்திரம் பருத்து, தன்னுள்ளே விதைகளை வளர்க்கிறது. அப்படிப் பருத்து முற்றியதற்குத் தாவர சாஸ்திரிகள் கனி என்று பெயரிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கின்படி கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை, மிளகாய், புடல், பாகல், பூசணி யாவும் கனிகளே. இவ்வளவு ஏன், ஒரு நெல்மணியும் கனிதான். அரிசியின்மேல் ஒட்டியிருக்கும் தவிட்டுத் தோலிலே கனியின் தோலும் விதையின் தோலும் ஒன்றாய் இணைந்திருக்கின்றன. நிலக்கடலை, மேலே பூத்து, விழுதைப் பூமிக்குள் இறக்கி, அங்கே முற்றும் ஒரு கனி. இதற்கு எதிரிடையான வேடிக்கை முந்திரியில் உண்டு. சிவந்து பருத்துச் சாறு நிறைந்திருக்கும் முந்திரிப் பழம் சாஸ்திரப்படி உண்மையான கனியன்று; அது பூக்காம்பின் வீக்கமே. அதன் அடியில் தொங்கும் கொட்டைதான் கனி. பலாவிலோ, நாம் ஒரு பழம் என்று தூக்கி வருவது ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து உண்டானது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது. சூல் கொள்ளாது போன பூக்களே சடையாய் நிற்கின்றன.

ஆனால் காய்கறி என்னும் வகுப்பைத் தாவர சாஸ்திரத்தில் தேடினால் கிடைக்காது. அது அடுப்பங்கரை வகுத்த வகுப்பு. முள்ளங்கி வேர், உருளைக்கிழங்கு பூமிக்குள் பருத்த தண்டு, வெங்காயம் இலைகளின் அடிப்பாகம், வாழைப்பூ பூ, பனங்கிழங்கு என்பது விதையிலிருந்து முளைத்துக் கீழே இறங்கின நாற்று. இவையெல்லாம் ஒரே கூடையில் சேர்வதற்குக் காரணம், உப்பும் புளியும் சேர்த்துச் சமைத்துச் சோற்றோடு உண்ணுகிறோம் என்பதொன்றே. ஆகையால் பேரன், செடியின் எந்த உறுப்பு என்று பார்க்கிறான். பாட்டி, எப்படி உண்கிறோம் என்று பார்க்கிறாள். கேள்விகள் வேறாயிருக்கும்போது விடைகள் மோதிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

இந்த வாது ஒரு தேசத்தில் உச்ச நீதிமன்றம் வரையில் போயிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1883-ம் வருஷத்துச் சுங்கச் சட்டப்படி அயல்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தீர்வை, பழங்களுக்குத் தீர்வையில்லை. 1886-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி தருவித்த நிக்ஸ் என்னும் வியாபாரியிடம் நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரியாகிய ஹெட்டன் காய்கறித் தீர்வையை வசூலித்தார். தக்காளி பழமல்லவா என்று வியாபாரி வழக்குத் தொடுத்தார். அகராதிகளைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வாசித்தார்கள். நீண்டகாலம் வியாபாரத்தில் இருந்தவர்களைச் சாட்சி விசாரித்தார்கள். 1893-ம் வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. சாஸ்திரப்படி தக்காளி ஒரு கொடியின் கனியே. ஆயினும் ஜனங்கள் அதைச் சாப்பாட்டின் நடுவே உண்கிறார்களேயன்றிப் பழத்தைப் போல் கடைசியில் உண்பதில்லை. சட்டம் ஜனங்களின் பேச்சு வழக்கையே பின்பற்ற வேண்டும். ஆகவே தக்காளி காய்கறியே. நிக்ஸ் தோற்றார். பாட்டி கட்சி வென்றது.

ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் அடித்தது. ஐரோப்பிய யூனியன் ஜாம் சம்பந்தமாக 2001-ல் இயற்றிய விதிகளில், ஜாம் செய்யும் காரியத்திற்கு மாத்திரம் காரட்டும், சர்க்கரைவள்ளிக் கிழங்கும், வெள்ளரியும், பூசணியும் பழங்களாகவே கருதப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். கிழங்கைப் பழமென்று சட்டம் சொல்லிவிட்டதே என்று நகைக்க வேண்டியதில்லை. எந்தக் காரியத்திற்காக வகுக்கிறோம் என்று தெரிந்து வகுத்தால் எந்த வகுப்பும் பிழையன்று.

குடியானவனுக்கு எந்த வகுப்பு உதவும்? என் அபிப்பிராயத்தில், சாஸ்திரியின் வகுப்பும் சுங்கக்காரனின் வகுப்பும் அவனுக்கு இரண்டாம் பட்சமானவை. அவனுக்கு வேண்டியது நம் பாஷையிலேயே ஆதிகாலந்தொட்டு இருக்கிறது. ஆங்கிலத்திலுள்ள இரண்டு சொற்கள் இரண்டு ஜாதிப் பொருள்களைக் குறிப்பன. நம்முடைய காய், கனி என்னும் சொற்களோ ஒரே பொருளின் இரண்டு வயதைக் குறிப்பன. பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று படிப்படியாக நாம் எண்ணுகிறோம். பிஞ்சிலும் மரத்துக்கு மரம் தனிப்பெயர்: மாவில் வடு, தென்னையில் குரும்பை, வாழையில் கச்சல், பலாவில் மூசு. இப்படி வயதுக்கு வயது பெயரிட்டவர்கள் ஏட்டுப் படிப்பினாலன்று, தினமும் தோப்பில் நின்று பார்த்ததினாலேயே பெயரிட்டிருக்க வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக நாம் பெரும்பாலும் மறந்துபோன சொல் ஒன்று உண்டு. அதுதான் நெற்று. காய்கள் எல்லாம் பழுப்பதில்லை. மாவும் வாழையும் கொய்யாவும் முற்றினபின் மெதுவாகிப் பழமாகின்றன. வெண்டையும் அவரையும் முருங்கையும் முற்றினபின் உலர்ந்து நெற்றாகின்றன. தாவர சாஸ்திரிகள் சதைக்கனி, உலர்கனி என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பதை நம் கிழவிகள் பழம், நெற்று என்னும் இரண்டு சிறிய சொற்களால் முடித்துவிட்டார்கள். பாட்டி பேரனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: “அடே, வெண்டைக்காயின் பழம் வெண்டை நெற்று.”

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. தேங்காய் நன்றாய் முற்றினபின்னும் காய் என்ற பெயரை விடுவதில்லை. பறங்கியையும் சாம்பல் பூசணியையும் முற்றப் பழுத்தபின்தான் அறுக்கிறோம். ஆனாலும் காய் என்றே விற்கிறோம். தக்காளியைப் பழமென்று கேட்டு வாங்கி ரசத்தில் போடுகிறோம். பேச்சு வழக்கு எங்கும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஆயினும் வயதை வைத்து எண்ணும் பழக்கம் சாகுபடிக்கு எவ்வளவு உதவும் என்பதை இனிச் சொல்லுகிறேன்.

செடி காய்ப்பது நமக்குக் கறி கொடுப்பதற்காக அன்று. விதையை முற்றவைத்துத் தன் வம்சத்தை நிறுத்துவதே அதன் காரியம். காயைப் பிஞ்சிலே பறித்துவிட்டால், காரியம் முடியவில்லையென்று செடி மறுபடியும் பூக்கிறது. ஒரு காய் முற்றி விதை கொண்டுவிட்டாலோ, செடியின் பலமெல்லாம் அந்த விதைக்கே போய்ப் புதுப் பூ குறைகிறது. வெண்டையில் பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். அதைத் தவறவிட்டால் நார் ஓடி, விலை போகாத பண்டமாகிவிடும். நம் தோட்டங்களில் இலை மறைவிலே தப்பித்துப் போன முற்றல் காய்களைச் செடிக்கு ஒன்றிரண்டு எப்பொழுதும் பார்க்கலாம். அது ஒரு காயின் நஷ்டமென்று குடியானவர் நினைக்கிறார். உண்மையில் அதற்குமேல் வரவேண்டிய பல காய்களின் நஷ்டம் அது. வெள்ளரியிலும் பீர்க்கிலும் இதே கதை.

இதில் குடியானவரைக் குறை சொல்லுவது எளிது. கூலியாட்கள் கிடைப்பதில்லை, ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பதற்குக் கொடுக்கும் கூலி சில நாட்களில் காயின் விலையைத் தின்றுவிடுகிறது. இதை நான் மறுக்கவில்லை. அதனால்தான், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து வெண்டையின் விஸ்தீரணத்தை முடிவு செய்யும் நம் வழக்கம் தவறென்று நான் சொல்லிவருகிறேன். பறிக்கும் கைகள் எத்தனை என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு ஏக்கர் விதைத்து வாரம் ஒரு முறை பறிப்பவரைவிட, 40 சென்ட் விதைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பவர் மனநிம்மதியோடிருப்பதை என் வட்டாரத்திலேயே கண்டிருக்கிறேன்.

எருவிலும் இந்த வயது விஷயம் வருகிறது. கீரைக்கு இலையே பலன். ஆகவே தழைச்சத்து ஏராளமாய் வேண்டும். காய்க்கும் கனிக்கும் தழைச்சத்தோடு சாம்பல் சத்தும் உரிய காலத்தில் வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் யூரியாவை அள்ளி வீசிவிட்டு, செடி கறுகறுவென்று நிற்கிறது, பூவைக் காணோம் என்று சொல்லுவோர், கனிப்பயிரைக் கீரைப்பயிராக நடத்தினவர்களே. இதைப்பற்றி அநேகர் எழுதியிருப்பதால் நான் அதிகம் எழுதவில்லை.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். உத்தியோகத்திற்கு வந்த புதிதில், ஒரு குடியானவர் 60 சென்டில் தக்காளி நல்ல மேனியாய் வைத்திருந்தார். காயில் வெண்மை ஓடி, அடியில் சிவப்புத் திரும்பும்போதே பறித்துவிடுவது அவர் வழக்கம். படித்துவந்த மிடுக்கில் நான், “தக்காளி பழமல்லவா? செடியிலேயே நன்றாய்ச் சிவக்க விடும், நிறமும் ருசியும் கூடும், விலையும் கூடும்” என்று சொன்னேன். சர்க்கார் மனுஷன் சொல்லுகிறானே என்று அவரும் விட்டுவைத்தார். முழுதும் சிவந்த பழத்தைப் பெட்டிகளில் அடுக்கி, 80 மைலுக்கு அப்பாலுள்ள பட்டணத்துக்கு லாரியில் அனுப்பினார். மறுநாள் காலையில் பெட்டிகளின் அடியிலிருந்து சாறு ஒழுகிற்றாம். கிடைத்த தொகை லாரி வாடகைக்குக் காணவில்லை. நான் தலைகுனிந்து போய் நின்றபோது அவர் கோபிக்கவில்லை. “ஐயா, நீங்கள் சொன்னது தின்னுகிறவனுக்குச் சரி, விற்கிறவனுக்குத்தான் சரியில்லை” என்று மாத்திரம் சொன்னார். சுமார் இருபது வருஷமாகியும் அந்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை.

அன்று நான் மறந்த சாஸ்திரம் யாதெனில், கனிகளில் இரண்டு விதமுண்டு என்பதே. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, தக்காளி முதலியன முற்றினபின் பறித்துவைத்தாலும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி முதலியன பறித்தபின் இனிப்பேறுவதில்லை. மரத்திலேயே பக்குவம் வரவேண்டும். முதல்வகையை முற்றின காயாய்ப் பறித்துத் தூரதேசம் அனுப்பலாம். இரண்டாம் வகையை அவசரப்பட்டுப் பறிப்பவன் வாங்குகிறவனை ஏமாற்றுகிறான். முதல்வகையிலும் ‘முற்றின’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முற்றாத மாங்காயை எந்த வித்தையாலும் நல்ல பழமாக்க முடியாது. முற்றின மாங்காயில் காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து நிற்கும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் அமிழும், முற்றாதது மிதக்கும்.

பழுக்கச் செய்வது எத்திலீன் என்னும் ஒரு வாயு. விளக்குக்கு எரிக்கும் வாயுவில் செடிகளைத் தாக்கும் சரக்கு இதுவே என்று ருஷிய தேசத்து நெல்ஜுபோவ் 1901-ல் கண்டார். பழுக்கும் பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்று இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-ல் நிரூபித்தார். நம் ஊர்களில் வாழைத்தாரைக் குழியில் வைத்துப் புகைமூட்டம் போடுவதும், மாங்காயை வைக்கோலில் புதைப்பதும் இதே வாயுவின் காரியமே. புகையில் அது இருக்கிறது, வைக்கோலுக்குள் பழம் விடும் வாயு தங்குகிறது. இவ்வளவு நல்ல வழி கையிலிருக்க, கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது வெட்கத்திற்குரியது. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய விஷக் கலப்புகள் இருக்கக்கூடும். அவ்வாயுவால் பழுக்கவைத்த பழத்தை விற்பது 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டிருக்கிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரையில் எத்திலீன் வாயுவை உபயோகிக்க 2016-ல் அனுமதி வந்தது. வியாபாரிதானே கல்லை வைக்கிறான், நமக்கென்ன என்று தோப்புக்காரர் சொல்லுவார். முற்றாத காயைப் பேராசையால் முன்கூட்டியே பறிக்கக் குத்தகைக்கு விட்டவர் அவரே. முற்றின காய்க்குக் கல் தேவையில்லை.

பப்பாளியில் இந்த வயதுக் கணக்கு நடும்போதே வந்துவிடுகிறது. பிஞ்சுமுற்றிய பசுங்காய் கூட்டுக்கு, அதே காயைக் கீறினால் வடியும் பால் பப்பெயின் என்னும் சரக்குக்கு, விட்டுவைத்தால் பழம். பாலெடுத்த காயின் தோல் வடுப்பட்டுப் போவதால் பழக்கடையில் நல்ல விலைக்குப் போகாது; மிட்டாய்த் துண்டு செய்பவர்களே வாங்குவார்கள். பாலுக்கென்றே தேர்ந்த கோயம்புத்தூர் இரகங்களும், பழத்துக்கென்று தேர்ந்தவைகளும் தனித்தனியே உள்ளன. எதற்கென்று எண்ணாமல் நட்டுவிட்டு, மரம் காய்த்தபின் யோசிப்பவர் மூன்றிலும் அரைகுறையாய் நிற்பார்.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்க, நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்த காரணம் விதையே. நம்மவர் நெல்லுக்கு விதை எடுக்கும் முறையையும், காய்கறிக்கு விதை எடுக்கும் முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். நெல்லில், வயலில் நன்றாய் விளைந்த மூலையைப் பார்த்து, கலப்புக் கதிரைக் களைந்து, தனியே அறுத்து, தனியே அடித்து வைக்கிறோம். கத்தரியிலும் வெண்டையிலும் என்ன செய்கிறோம்? முதல் பறிப்பு முதல் நல்ல காயெல்லாம் சந்தைக்குப் போகிறது. மூன்று நாலு மாதம் கழிந்து, செடி ஓய்ந்து, விலையும் இறங்கினபின், பறிக்கக் கூலி கட்டாதென்று விட்ட கோணல் காயும், புழு குத்திய காயும், சிறுத்த காயுமே “விதைக்கு விட்டது” என்ற பெயரைப் பெறுகின்றன. நெல்லில் பதரை விதைப்போமா? காய்கறியில் ஏறக்குறைய அதையே விதைக்கிறோம். சில வருஷங்களில் இரகம் கெட்டுவிட்டது, மண் கெட்டுவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று சொல்லுகிறோம்.

இதைவிட மோசமானது, கறிக்கு வைத்திருக்கும் காயிலிருந்தே விதை எடுப்பது. முளைக்கவில்லையென்று என்னிடம் வந்தவர்கள் சிலரை விசாரித்ததில், நன்றாயிருந்த கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கி விதையெடுத்ததாகச் சொன்னார்கள். அது காய், அதற்குள்ளிருந்தது விதையன்று, விதையின் பிஞ்சு. கத்தரி மஞ்சளித்துப் பழுக்க வேண்டும். பின்பு அதை நறுக்கித் தண்ணீரில் பிசைந்தால் கனத்த விதை அடியில் தங்கும். மிதப்பதைக் கொட்டிவிட வேண்டியதே. தக்காளி முழுதும் சிவந்த பின், சாற்றோடு பிழிந்து ஓரிரு நாள் புளிக்கவைத்தால் விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு நீங்கும்; அலசி நிழலில் உலர்த்தலாம். வெண்டை நெற்றாகி விளிம்பு வெடிக்கத் தொடங்க வேண்டும். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே உலர்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். பூசணி பறித்தபின்னும் சில வாரம் பரணில் இருந்தால் விதைக்குப் பலம் ஏறும்.

என்னுடைய யோசனை பெரிய செலவுள்ளதன்று. இரண்டாம் மூன்றாம் பறிப்பின்போது, உருவத்திலும் காய்ப்பிலும் நோயின்மையிலும் மேலான செடிகள் இருபது முப்பதைப் பார்த்து, ஒரு வர்ண நூலைக் கட்டிவிட வேண்டும். அவற்றில் வளைந்ததையும் குத்துப்பட்டதையும் அகற்றி, செடிக்கு நாலைந்து நல்ல காயை மாத்திரம் முற்றவிட்டு, பிறகு அச்செடிகளில் சந்தைக்குப் பறிக்கலாகாது. ஒரே செடியில் கறியும் விதையும் வாங்க ஆசைப்பட்டால் இரண்டும் கெடும் என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். அருகில் அதே பயிரில் வேறு இரகமிருந்தால் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கலந்துவிடும். சுரை, பூசணி, பீர்க்கு இவற்றில் இந்த ஜாக்கிரதை மிகவும் வேண்டும்.

வீரிய ஒட்டு இரகங்களுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றின் கனியிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் விளையாது, பலவிதமாய்ப் பிரிந்துபோகும். அவ்விதையை ஒவ்வொரு போகத்துக்கும் வாங்கத்தான் வேண்டும். அப்படியானால் கடையிலேயே வாங்கிவிடலாமே, நூல் எதற்கு, செடி எதற்கு என்று கேட்பவர்களுண்டு. வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்த ஊர் ஜனங்களே பேர் சொல்லிக் கேட்டு வாங்கும் நாட்டு இரகங்கள் இருக்கின்றன. வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை எந்தக் கம்பெனியின் உக்கிராணத்திலும் பிறந்தவையல்ல. குடியானவர் வீட்டுச் சுரைக்குடுக்கையில் சாம்பலோடு கிடந்து, தலைமுறை தலைமுறையாக வந்தவை. நம் சொந்த விதையை வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வியாபாரப் பெயரிடாமல் விற்கவும் 2001-ம் வருஷத்துப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைக் கோணல் காய்க்குச் செலவழிப்பானேன்?

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜூலை முதல் தேதி பசலி பிறந்து அடங்கல் எழுதும்போது, வாழை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கறிக்கு வெட்டும் மொந்தனும், பழத்துக்கு வைக்கும் பூவனும், சீவலுக்குப் போகும் நேந்திரனும், இலைக்கே வைக்கும் கட்டையும் ஒன்றல்ல. அவற்றின் வயதும் செலவும் கிரயமும் வேறு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோதும், 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் டெல்டாவில் தென்னையைச் சாய்த்தபோதும், விழுந்த மரத்தின் கணக்கு குடும்பங்களின் பிழைப்பாக இருந்தது. மரம் நிற்கும்போது எழுதின எழுத்தே மரம் விழுந்தபின் பேசும். இரகத்தையும், காய்க்கா பழத்துக்கா என்பதையும் குறிப்புப் பத்தியில் நாலு எழுத்துச் சேர்த்து எழுதினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. வேலைப்பளுவை நான் அறியாதவனல்லன், ஆயினும் கேட்கிறேன்.

மேற்படி நிலக்காரர் என் பேச்சைக் கேட்டு, தம் கத்தரித் தோட்டத்தில் 30 செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். நூல் கட்டின செடியில் காயைப் பறிக்கவிடாமல் காவல் காப்பது பேரனுடைய வேலையாம். பாட்டி இரண்டு முறை திருட்டுத்தனமாய்ப் பறித்துப் பிடிபட்டதாகவும் கேள்வி. சென்ற வாரம் நான் போனபோது காய்கள் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தன. விதை எடுத்து நாற்றுவிட்டபின், பழைய முறையில் எடுத்த விதையோடு பக்கத்துப் பாத்தியில் போட்டு, இரண்டின் முளைப்பையும் எண்ணி இப்பத்திரிகைக்கு எழுதுகிறேன்.